ரிஸ்வானா என்னை இழுக்கவில்லை

நான் பொய் சொன்னேன். ரிஸ்வானா என்னை ஆழத்துக்கு இழுக்கவில்லை. இழுத்தது நான்!

உங்களுக்கு அவளைத் தெரியாது. கடலோர ஊரான மண்டபத்துக்காரி. கடல்வாழ் உயிரியல் பட்டப்படிப்பில் முதல் நாளே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள். எங்கள் துறையின் மாணவர் மன்றத்தில் இருவரும் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். அந்த மன்றத்துக்காகவே இந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்ததாக அவள் சொல்வாள். மன்றத்தார் படகில் போய்க் கடற்புல்லையும் பவளத்தையும் பார்ப்பார்கள். நீந்தத் தெரிந்தவர்கள் முகமூடி மாட்டிக்கொண்டு நீரிலும் இறங்கலாம்.

மன்றப் பொறுப்பாசிரியை கேட்டார், "யார் யாருக்கு நீச்சல் தெரியும்?"

நான் கை தூக்கினேன்.

ஏன் தூக்கினேன்? அபிராமத்திலிருந்து வந்தவள் நான். எங்கள் கண்மாயில் இடுப்பளவுக்கு மேல் நான் இறங்கியதே இல்லை. ஆனாலும் படகில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவளாக இருக்க எனக்கு மனமில்லை... அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருக்கக் கூடாதா!

"ஏய், நெசமாவே தெரியுமாடி?" என்று ரிஸ்வானா காதோடு கேட்டாள்.

"தெரியும்டி."

முதல் பயணத்தன்று படகிலிருந்து கடலில் இறங்கியதும் என் கால் தரையைத் தேடியது. தரை இல்லை. உப்புத் தண்ணீர் மூக்கிலும் தொண்டையிலும் புகுந்தது. ரிஸ்வானா என்னை நோக்கி நீந்தி வந்தாள். நான் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்... அவளைக் கீழே அழுத்தி, அவள் தோளின்மேல் ஏறி மூச்சு வாங்கினேன். என் காலடியில் அவள் துடித்தது இன்றும் என் பாதங்களுக்குத் தெரியும்.

படகோட்டி குதித்து இருவரையும் படகில் தூக்கிப் போட்டார். அவளுடைய முழங்கால் பவளத்தில் கிழிந்து ரத்தம் வழிந்தது.

"என்ன ஆச்சு?" என்று மேடம் அலறினார்.

"இவதான் மேடம்... ஆழத்துக்கு வான்னு கையப் பிடிச்சு இழுத்தா."

எப்படி வந்தது அந்தச் சொல்? நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் மட்டும்...?

"பொய் மேடம்! அவளுக்கு நீந்தவே தெரியல," என்றாள் ரிஸ்வானா, இருமலுக்கு நடுவே. நான் விம்மி அழுதேன். அழுகிறவளைத்தான் எல்லோரும் நம்பினார்கள்!

அவளை மன்றத்திலிருந்து நீக்கினார்கள். அவளுடைய உம்மாவைக் கல்லூரிக்கு வரவழைத்தார்கள். வாப்பா சவூதியிலிருந்து போனில் திட்டித் தீர்த்தாராம். அடுத்த ஆண்டு அவள் வணிகவியலுக்கு மாறிவிட்டாள்.

நான் மன்றத்திலேயே இருந்தேன். இந்த ஆண்டு நான்தான் அதன் செயலாளர்.

போன மாதம் ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். ஓடிப்போய், "என்னைய மன்னிச்சிருடி, நான்தான் பொய்..." என்று தொடங்கினேன்.

அவள் கோபப்படவில்லை. "இத ஏன் என்ட்ட சொல்ற? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லு," என்றாள். பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் மேடத்திடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார்.

"இப்ப இதச் சொல்லி என்னம்மா ஆகப்போகுது? அந்தப் பொண்ணு வேற படிப்புக்கே போயிட்டா. வெளிய தெரிஞ்சா மன்றத்துக்குத்தான் கெட்ட பேரு. விட்டுரு. திங்கக்கிழமை புதுப் பிள்ளைகளச் சேக்கணும், நீதான் பேசணும்."

நான் எதிர்த்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மற்ற மாணவர்களிடமாவது, அவளுடைய உம்மாவிடமாவது போயிருக்கலாம். போகவில்லை... திங்கட்கிழமை மேடையேறிப் பேசினேன். கை தட்டினார்கள்.

ஆனால் உங்களிடம் நான் சொல்லக் கூசுவது இதுவல்ல. மேடம் "விட்டுரு" என்றாரே, அந்த நொடியில் என் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி பரவியது... அதைத்தான்.