மூன்றாம் ஓட்டம்

நான் எலெக்ட்ரிஷியன். டார்னெய்ட் என்ற புறநகரில் வீடு. ஒரு கோடைகாலம் அண்டார்டிக்காவில் ஓர் ஆய்வு முகாமுக்கு வேலைக்குப் போனேன். முடிவில் மற்றவர்கள் முன்பே புறப்பட்டுவிட, ஜெனரேட்டர்களை நிறுத்திப் பூட்ட நான் கடைசியாக நின்றேன். என்னை ஏற்ற, சக்கரத்துக்குப் பதிலாகச் சறுக்குப் பலகைகள் பூட்டிய சிறிய விமானம் வந்தது. விமானி மட்டும்தான் அதில்.

பலகைகள் பனியோடு உறைந்து ஒட்டியிருந்தன. மண்வெட்டியால் கொத்தி விடுவித்தேன். விமானம் இரண்டு முறை ஓடியும் வேகம் பிடிக்கவில்லை. விமானி ஐம்பதைத் தாண்டிய, நிதானமான மனிதர். "வெளிச்சம் மங்கிவிட்டது. மேடு பள்ளம் தெரியவில்லை. நாளைக்குப் போவோமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

முந்தின நாள் மனைவி தொலைபேசியில் அழுதிருந்தாள். "சனிக்கிழமை பிள்ளைக்கு ஒப்பரேஷன். அதுக்கிடையில வந்திடுவியள்தானே?"

"ஓம், வந்திடுவன்" என்றிருந்தேன்.

"இன்னொரு முறை பார்க்கலாமே" என்றேன் விமானியிடம்.

மூன்றாம் முறை மூக்கு நிமிர்ந்தது. அதே கணம் கல்லாய் இறுகிய பனிவரம்பொன்றில் இடது பலகை மோதி முறிந்தது. இறக்கை தரையில் குத்தி விமானம் கவிழ்ந்தது. விமானியின் மூச்சுச் சத்தம் கொஞ்சம் கேட்டது. அவரை வெளியே இழுத்தெடுப்பதற்குள் நின்றுவிட்டது.

மீட்பு விமானம் வர ஒன்பது மணித்தியாலம் ஆகியது. முகாமுக்குள் போய் ஒதுங்கியிருக்கலாம். அவரைத் தனியே விட மனம் வரவில்லை. கையுறை ஒன்று எங்கோ கழன்றிருந்தது. குளிரில் உறைந்து இரண்டு விரல்கள் போயின. ஒப்பரேஷன் நான் இல்லாமலே நடந்து, மகள் சுகமானாள்.

விசாரணையில் எல்லாவற்றையும் சொன்னேன். முடிவு விமானியுடையது என்றார்கள். எனக்கு அது போதவில்லை. சிட்னிக்குப் போய் அவருடைய மனைவியிடமும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீங்கள் கேட்டிராவிட்டால் அன்று புறப்படாமல் நின்றிருப்பாரா?"

"நின்றிருப்பார்."

"விபத்து என்று நினைத்திருந்தேன். அதையாவது எனக்கு விட்டுவைத்திருக்கலாம்" என்றார். பிறகு எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

வீட்டில் மனைவி கேட்டாள்: "என்ன சொன்னவ?"

"ஒண்டுமில்லை. தேத்தண்ணி தந்தவ."

சனிக்கிழமைக்குள் வரச் சொன்னவள் அவள். அவளுக்கு இதைச் சொல்ல என்னால் முடியவில்லை.