நோன்பு பிடிக்கக் கூடாத நாலு நாள்

கற்பிட்டிப் பக்கம் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் ஒரு பெண்மணி சிற்றுண்டி விற்றார். பருத்த உடம்பு, புறங்கையெல்லாம் எண்ணெய் தெறித்த தழும்புகள். ரமழான் கழிந்து மாதங்களாகியும் கிழமையில் ஐந்து நாள் நோன்பு பிடிப்பார். பகல் முழுக்க வடை சுட்டு விற்பார். ஒன்றையும் வாயில் வைக்க மாட்டார். அவரது பக்தியை எல்லோரும் மெச்சினார்கள். நானும் ஒருநாள் மெச்சினேன்.

"பக்தியில்ல டீச்சர்," என்றார். "நாட்டுல சண்டைதான் முடிஞ்சிட்டே, போகாத என்டன். மகன் கேக்கல்ல. வள்ளத்துல அவுஸ்திரேலியாவுக்கு என்டு போய் அஞ்சு மாசம், ஒரு தகவலுமில்ல. அவன நெனச்சா நெஞ்சு பதறும், உடனே கை சட்டிக்குப் போகும். பசியே இல்லாம, சோறு முடியுமட்டும் நிண்டபடியே திங்கிறன். நோன்பு என்டா மட்டும்தான் கை நிக்கிது."

பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஹஜ்ஜுப் பெருநாள் வருது. நாலு நாளைக்கு நோன்பு பிடிக்கக் கூடாது. நான் என்ன செய்ய?"



பெருநாளன்று காலை, தான் செய்த வட்டிலப்ப இனிப்பைச் சட்டியோடு நான் தங்கியிருந்த அறைக்குக் கொண்டுவந்தார். "இது என்ட வீட்டுல இரிக்கக் கூடாது," என்று மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பின்னேரம் யாரோ கதவைத் தட்டினார்கள். அவர்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மிச்சம் இரிக்கா, டீச்சர்?"

இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். வாசலிலேயே நின்று விரலால் வழித்துச் சாப்பிட்டார். முடிந்துவிட்டது என்று நான் பொய் சொல்லியிருக்க வேண்டுமா என்பது இன்றும் எனக்குத் தெரியவில்லை.