வேறு ஊர், வேறு கரண்ட், வேறு சாமி

அபசகுனமாகப் பேசுவதற்கென்றே ஒரு பெண்ணை அழைத்து, நாற்காலி போட்டு, காபியும் கொடுக்கிற வழக்கம் மங்கையர்க்கரசிக்கு முன்னால் காஞ்சிபுரத்தில் கிடையாது. இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டிப் பட்டுக்கடைகளுக்குள் கம்ப்யூட்டர் நுழைந்தபோது, அதை எங்கே வைப்பது, எப்படிக் காப்பது என்று திட்டம் போட்டுத் தருவதைத் தொழிலாக வரித்துக்கொண்டவள் அவள். அப்பா பட்டு நெய்தார். மகள் கவலை நெய்தாள்.

"தீப்பிடிச்சா என்னா பண்ணுவீங்க? திருடன் வந்தா?" என்று கேட்பாள், முகூர்த்தப் புடவை விரித்திருக்கும் கடையில், மணப்பெண்ணின் அத்தை காதில் விழும்படியாக.

"வாயைக் கழுவுமா!" என்பார் முதலாளி.

நாலு கடையில் வாயைக் கழுவிய பிறகு அவள் பாஷையைத் திருத்திக்கொண்டாள். "கம்ப்யூட்டர் குளிர்ந்துட்டா?" என்று கேட்டாள். விளக்கை அணைப்பதையே குளிரவைப்பது என்று சொல்கிற ஊர், இதற்குப் பெருந்தன்மையோடு தலையாட்டியது.

ரகசியச் சொல் விஷயத்தில்தான் ஊர் கடைசி வரை மசியவில்லை. சின்னக் காஞ்சிபுரத்துக் கடைகளெல்லாம் 'வரதா', பெரிய காஞ்சிபுரத்துக் கடைகளெல்லாம் 'காமாட்சி'. திருட வருகிறவனுக்கு ஸ்தல புராணம் தெரிந்திருந்தால் போதும்.

அவளிடம் திட்டம் வாங்கியவர்களில் ஒருவர் சின்னக் காஞ்சிபுரம் வேணுகோபால். சிறிய கடை. கம்ப்யூட்டர் வாங்கியபோது, "பொம்பளைங்க சீட்டாடத்தான் ஆகும்" என்றார்கள் உறவினர்கள். அவர் மனைவி நீலாம்பாள் சீட்டும் ஆடினாள். ஆடிய நேரம் போகப் புடவைக் கரைகளையும் அதில் வரைந்தாள். அவள் வரைந்த அன்னம் மட்டும் நேரே பார்க்காது, கழுத்தைத் திருப்பி, பின்னால் வருகிறவரைப் பார்க்கும். "என்னைத்தான் பாக்குது" என்பார் வேணுகோபால். எப்போதும் நாலடி பின்னால் வருகிற மனிதர்.

ஆடி மாசத்தில் வந்த காய்ச்சலில் நீலாம்பாள் போய்விட்டாள். அதற்குப் பிறகு தினமும் காலையில் அவர் அந்தக் கரைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கடைக் கதவைத் திறப்பார். வாடிக்கையாளர்கள் வாசலில் நிற்பார்கள். நிற்கட்டும்.

மங்கை போட்டிருந்த திட்டப்படி அந்தப் படங்கள் கம்ப்யூட்டரில் ஒன்று, மேஜை டிராயரில் ஒரு சி.டி., வாலாஜாபாத்தில் ஜரிகை வியாபாரி பஷீர் பாய் வீட்டில் இன்னொரு சி.டி. என்று மூன்று இடத்தில் இருந்தன.

"ரெண்டு தெரு தள்ளி என் தங்கச்சி வீடு இருக்குதே, அங்க வெச்சா ஆவாதா?" என்று திட்டம் போட்ட அன்றைக்கே கேட்டிருந்தார் வேணுகோபால்.

"அங்கயும் இதே ட்ரான்ஸ்பார்மர்ணே. இதே பண்டிகை. வேற ஊரு, வேற கரண்ட், வேற சாமி. அதான் கணக்கு."

நீலாம்பாள் விழுந்து விழுந்து சிரித்தாள். மங்கை சிரிக்கவில்லை. விதிமுறை சொல்லும்போது அவள் சிரிப்பதில்லை.

நீலாம்பாள் இறந்த அந்த வருஷம், விஜயதசமிக் காலையில் போன் அடித்தது.

"மங்கை, குளிர்ந்துடுச்சுமா."

ஓடினாள். முந்தின நாள் ஆயுத பூஜை. வேணுகோபால் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பன்னீரில் குழைத்த சந்தனத்தைத் தாராளமாகச் சாத்தியிருந்தார், அது மூச்சு விடுகிற ஓட்டையெல்லாம் அடையும்படி. காலையில் ஈரம் காய்வதற்குள் சுவிட்சைப் போட்டிருக்கிறார். படார் என்றதாம். படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்கும் தீய்ந்து நாறியது.

"டிராயர்ல இருந்த சி.டி.?"

தாம்பாளத்தில் எடுத்து வந்தார். கத்தரிக்கோல், முழக்கோலோடு சேர்த்து அதையும் ஆயுதமாகப் பாவித்துப் புளி போட்டு, தேங்காய் நாரால் தேய்த்திருந்தார். வெள்ளிப்பூச்சு முழுக்க உரிந்து, இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம் இருந்த அவர் முகம் தெரிந்தது.

"பளபளன்னு வரட்டும்னுதாம்மா தேய்ச்சேன். அவ கை பட்டது." தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, "அன்னம் போயிடுச்சா?" என்றார்.

மங்கை வாசலுக்கு வந்து, வாலாஜாபாத்துக்கு ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

பஷீர் பாய் விஷயத்தைக் கேட்டுத் தாடியைத் தடவிக்கொண்டார். "எங்கள்ல தர்காவுல சந்தனக்கூடு உண்டு. ஆனா அதுக்கு இதைத் தூக்கிக்கினு போறதில்லை, பயப்படாதீங்க" என்று சொல்லி, பீரோவில் மடித்த துணிகளுக்கு நடுவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "கடைசியா நீலாம்பாள் தங்கச்சி கையால குடுத்தது. அதுக்கப்புறம் யாரும் புதுசு குடுக்கலை."

மாசாமாசம் புது நகல் எடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அவள் கொடுத்த நாளுக்குப் பிறகு சேர்த்துக்கொள்ள எதுவும் வரையப்படவில்லை. ஆகவே அந்த நகல் முழுமையானது.

மங்கை வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டார்கள். அது முனகியது, யோசித்தது, பிறகு திறந்தது. அன்னம் கழுத்தைத் திருப்பிப் பார்த்தது.

வேணுகோபால் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இனிமே புளி போட மாட்டேன்," என்றார். மங்கையைப் பார்த்துச் சொல்லவில்லை.

பூஜை போடாதே என்று அந்த ஊரில் எந்த நிபுணரும் சொல்ல முடியாது. அதனால் மங்கை திட்டத்தில் ஒரு விதி சேர்த்தாள்: 'சந்தனம்: திரையின் மேல் சட்டத்தில், நடுவில், ஒரு விரல் மட்டும். ஒயரைப் பிடுங்கிய பிறகு.'

அடுத்த ஆயுத பூஜைக்கு மேற்பார்வைக்கு வரச்சொல்லி அவளைக் கூப்பிட்டார் வேணுகோபால். புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கினார். ஒரே விரலில் சந்தனம் தொட்டு, இருண்ட திரைக்கு மேலே, நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் மெதுவாக வைத்து, அதன் நடுவே குங்குமம் இட்டார். பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார்.

"கோணலா இருக்குதா பாரும்மா."

"இல்லண்ணே. நேராத்தான் இருக்குது."

கொஞ்சம் கோணல்தான். அதற்குத் திட்டத்தில் விதி எதுவும் இல்லை.