ரயில்வே பரீட்சையில் படகு

அத்தை படகேறி ஓடிப்போகப் போகிறாள் என்று எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். அப்போது நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். சந்தேகப்படுவதில் அப்பாவுக்கு அடுத்த இடம் எனக்குத்தான்.

அத்தை அப்பாவின் தங்கை. பொன்னேரியில் எங்களோடு இருந்துகொண்டு கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்தாள். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும், டீயைக்கூடப் பாதியில் வைத்துவிட்டுச் செல்போனோடு மாடிப்படியில் உட்கார்ந்துவிடுவாள். ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. ரயில்வே பரீட்சைக்குப் படிப்பதாகவும், கூட வேலை செய்கிறவர் கணக்கு சொல்லித் தருவதாகவும் சொல்வாள். கல்யாண வயதில் தங்கை இருந்தால் எந்த அண்ணனுக்கு இது ஜீரணமாகும்?

"பக்கத்துல குந்திக்கினு இன்னா பேசறான்னு கேளு" என்று அப்பா என்னை அனுப்பினார். வீட்டுப்பாடம் எழுதுகிற சாக்கில் நானும் போய் உட்கார்ந்தேன்.

காதில் விழுந்ததெல்லாம் படகு. எதிர்த்துப் போனால் நேரமாகும், திரும்பி வரும்போது சீக்கிரம் வந்துவிடலாம் என்று சிரித்துச் சிரித்துப் பேசினாள். ரயில்வே பரீட்சை என்றால் ரயில் வரவேண்டும், படகு எதற்கு வருகிறது? எங்கள் ஊருக்குப் பக்கத்தில் காட்டுப்பள்ளியில் துறைமுகம் இருப்பது எனக்குத் தெரியும். அங்கிருந்துதான் கிளம்புவார்கள் என்று முடிவுகட்டி அப்பாவிடம் ஒப்பித்தேன்.

"ரயிலு உடறவனுக்குப் படகு இன்னாத்துக்கு?" என்றார் அப்பாவும்.

மறுநாள் அவரே படியேறிப் போய் அத்தையிடமிருந்து செல்போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். பேசியது ஆண் குரல். யார் என்று அதட்டியதற்கு, "கம்பெனில உங்க தங்கச்சி கூட ஒரே லைன்ல வேலை செய்யறேங்கண்ணா" என்றது.

"கணக்குதான்னா ஒண்ணு சொல்லு. அவ போடட்டும். வரலன்னா நாளையிலேர்ந்து வேலையும் கெடையாது, பரீட்சையும் கெடையாது" என்றார் அப்பா.

அத்தை படியிலிருந்து எழுந்து நின்றாள். அம்மா கரண்டியோடு வந்து வாசலில் நின்றாள். அத்தை ஓடிப்போகக் கூடாது என்றுதான் நினைத்தேனே தவிர, அவள் வேலையே போய்விடும் என்று நினைக்கவில்லை.

"ஓட்டத்தோட போனா மணிக்குப் பதினாறு கிலோமீட்டர் போற படகு, எதுத்துப் போனா பத்துதான் போவும். அப்போ ஆத்தோட வேகம்..." என்று இழுத்தது குரல்.

"மூணு" என்றாள் அத்தை.

அவர் கேள்வியையே முடிக்கவில்லை. அப்பா என்னைச் சரிபார்க்கச் சொன்னார். படகுக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. பதினாறிலிருந்து பத்தைக் கழித்துப் பாதியாக்கு என்று ஸ்பீக்கரே வழி சொன்னது. போட்டுப் பார்த்தேன், மூன்றுதான்.

அப்பாவுக்கு அப்படியொரு நிம்மதி. செல்போனை அத்தையிடம் திருப்பிக் கொடுத்து, "நல்லா சொல்லிக் குடுப்பா" என்று அந்தக் குரலிடமும் சொன்னார். அம்மா மட்டும் அத்தையை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போனாள். அன்றிலிருந்து அத்தை படிக்கிற நேரத்தில் எங்கள் வீட்டில் டிவி போடக் கூடாது என்று உத்தரவானது.

எனக்கும் சந்தேகம் சுத்தமாகத் தீர்ந்துபோனது. கேள்வி முடிவதற்குள் விடை சொல்கிறவளுக்குத் தினமும் ஒரு மணி நேரம் ஒருவர் எதற்குக் கணக்கு சொல்லித் தரவேண்டும் என்று அன்றைக்கு எனக்கும் தோன்றவில்லை, அப்பாவுக்கும் தோன்றவில்லை.