வயிற்றில் நின்ற கருப்பட்டி

எங்கள் வீட்டில் கட்டி என்றால் கருப்பட்டிதான். "காப்பிக்கு ரெண்டு கட்டி சேத்துப் போடு" என்பார் அப்பா. அதனால் எனக்கு ஆறு வயதில், என் வயிற்றை அமுக்கிப் பார்த்த பாளையங்கோட்டை டாக்டர், "உள்ள ஒரு கட்டி தெரியுது, எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாத்துருவோம்" என்று அம்மாவிடம் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முந்தின வாரம்தான் டப்பாவிலிருந்து ஒரு துண்டைத் திருடி, அம்மாவின் காலடிச் சத்தம் கேட்டு மெல்லாமல் விழுங்கியிருந்தேன்.

அன்று முழுக்க அம்மா யாரோடும் பேசவில்லை. என்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்கேன் எடுக்க வண்ணார்பேட்டைக்குப் போனபோது மாமாவும் வந்தார். அவருக்கு நூல் மில்லில் வேலை. எந்த மிஷினைக் கண்டும் பயம் கிடையாது. "ஏட்டி, உள்ள டமடமன்னு சத்தம் கேக்கும், பயந்துராத. ஆனா அசையக் கூடாது. அசைஞ்சா படம் கலங்கிரும், ஒண்ணுமே தெரியாது" என்றார்.

எனக்கு அது போதும். குழாய்க்குள் போனதும் கரையில் போட்ட கெண்டை மாதிரி நெளிந்தேன். இரண்டு தடவை எடுத்தும் படம் சரியாக விழவில்லை. மயக்க ஊசி போட்டுத்தான் எடுக்கவேண்டும் என்றார் ஸ்கேன் எடுப்பவர்.

ஊசி என்றதும் என் வீரம் இறங்கிவிட்டது. மாமாவின் காதை இழுத்து, "உள்ள இருக்கது கருப்பட்டி மாமா. நாந்தான் எடுத்துத் தின்னேன். அம்மாட்ட சொல்லிராதிய" என்றேன்.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் ஏனோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அது எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு பாக்கத்தாம்ட்டி படம். கண்ண மூடிட்டு பேசாம கெட. அம்மாட்ட நான் மூச்சு விடமாட்டேன்."

மூன்றாவது தடவை ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. இன்று வகுப்பில் நாற்பது பிள்ளைகளை ஆடாமல் உட்காரச் சொல்லும் டீச்சராக, அது எவ்வளவு பெரிய சாதனை என்று எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் படத்தை விளக்கு வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். நரம்புத் திசுவில் பிள்ளைகளுக்கு வருகிற புற்றுக்கட்டி போலத் தெரிகிறது என்றார். "முதுகெலும்புப் பக்கம் போகலம்மா. நல்ல நேரத்துல பாத்துட்டோம். முழுசா எடுத்துரலாம்."

அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, சிரித்தபடியே ஓவென்று அழுதாள். மாமா வாக்குத் தவறி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று எனக்கு ஒரே ஆத்திரம். ஆனாலும் அம்மாவின் முதுகைத் தட்டிக்கொடுத்து, "அழாதம்மா, இனிமே எடுக்க மாட்டேன்" என்றேன். எதை என்றுகூடக் கேட்காமல் அம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

ஒரு துண்டுக் கருப்பட்டிக்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.