அழுகை அடங்கிய பிறகு

அழுகையை நிறுத்திய குழந்தை பழகிவிட்டதா... இல்லை, நம்மை விட்டுவிட்டதா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

இரண்டு வயது மித்ராவை அபார்ட்மென்ட்டுக்குப் பக்கத்து டேகேரில் சேர்த்திருக்கிறோம். காலையில் கேட்டருகே என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு அழுவாள். நான் எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீஸுக்குப் போகும் கேபைப் பிடித்தாக வேண்டும். கொஞ்ச தூரம் நடப்பேன். மனசு கேட்காது. திரும்பி வந்து இன்னொரு முத்தம். அடங்கப்போன அழுகை மறுபடி உச்சிக்கு ஏறும்.

என் வேலை என்ன தெரியுமா? தொழிற்சாலை அடுப்புகளின் சூட்டைக் கட்டுப்படுத்தும் புரோகிராம் எழுதுவது! சூட்டைக் கூட்டச் சொன்னால் அடுப்பு உடனே தாவிவிடாது. முதலில் வேகமாக ஏறும். நெருங்க நெருங்க மெதுவாகும். போக வேண்டிய தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கடக்க ஆகும் நேரம்தான் அதன் டைம் கான்ஸ்டன்ட். அடுப்புக்கு அடுப்பு அது மாறும். அவசரப்பட்டு நடுவில் செட்டிங்கைத் தொட்டால், மறுபடி காத்திருக்க வேண்டியதுதான்.

என் கணவர் சொல்லிக் காட்டினார். "ஆபீஸ்ல ஜூனியர் யாராவது நடுவுல கை வெச்சா அந்தத் திட்டு திட்டுற. டேகேர் கேட்டு வாசல்ல நீ பண்றது என்னவாம்?"

"அது அடுப்புங்க. இது புள்ள."

"அடுப்பாவது பயப்படாது. நீ திரும்பத் திரும்ப ஓடி வந்தா, இங்க ஏதோ ஆபத்துன்னுதானே அவ நெனைப்பா?"

போன வாரம் முழுக்கத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். முதல் நாள் தெருமுனை வரை அழுகை கேட்டது. அடுத்தடுத்த நாட்களில் வேகமாகக் குறைந்தது. பிறகு வெறும் விசும்பல். நான் ஸ்க்ரீனில் தினமும் பார்க்கிற அதே வளைவு.

இந்தத் திங்கட்கிழமை அவள் அழவேயில்லை. என் விரலை அவளாகவே விட்டாள். உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"செட் ஆயிட்டா மேடம், இனி ஏனூ ஆகல்ல!" என்று, இனி ஒன்றும் ஆகாது என்பதைக் கன்னடமும் தமிழுமாகச் சொல்லி டேகேர் ஆன்ட்டி சிரித்தார்.

மாலையில் என்னைக் கண்டதும் ஓடி வருவாள் என்று நினைத்தேன். அவளோ நிதானமாகத் தன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வந்தாள்.

அன்றிலிருந்து கேபில் போகும்போதெல்லாம் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. வளைவை வைத்து, எவ்வளவு சீக்கிரம் அடங்கியது என்று சொல்லிவிடலாம். எந்த நிலையில் போய் அடங்கியது? அடுப்பில் அது போய் நிற்க வேண்டிய அளவை வைத்தது நான், அதனால் தெரியும். மித்ராவுக்குள் அதை வைத்தது யார்? சூடேறும் அடுப்பும் சரி, ஆறிப்போகும் அடுப்பும் சரி... நிலைக்கு வர எடுத்துக்கொள்வது ஏறக்குறைய அதே நேரம்தான்; நேரத்தை வைத்து எது என்று சொல்ல முடியாது.

வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கும் அம்மாக்களே, அப்பாக்களே — உங்கள் பிள்ளை அழாமல் கையை விட்ட அந்த முதல் நாள், உள்ளே இருந்தது பழகிய மனசின் சூடா, நம்மை விட்டு ஆறிப்போன மனசா என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொண்டீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.