மழைக்கு முந்திய ஒரு போத்தல் தண்ணீர்

டிலானி இறந்த செய்தி வந்தபோது நான் திருநெல்வேலிச் சந்தைக்கு முன்னால் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். எங்கள் வகுப்பின் கைபேசிக் குழுவில் யாரோ அவளுடைய படத்தைப் போட்டிருந்தார்கள். பட்டமளிப்பு நாளில் நான் எடுத்த படம் அது. அதில் அவள் சிரித்தபடி யாரையோ ஏசிக்கொண்டிருப்பாள். அந்த யாரோ நான்தான். “கிட்ட வந்து எடடி, நான் என்ன பேயோ?” என்று ஏசினாள். முதலில் படத்தைத்தான் பார்த்தேன். கீழே இருந்த வரியைப் பிறகுதான் வாசித்தேன். காய்ச்சலில் கிடக்கிறாள் என்று தெரியும். இப்படியாகும் என்று நினைக்கவில்லை. பலாலி வீதியால் என் பஸ் வந்து நின்று, என்னை விட்டுவிட்டுப் போனது.

அவளுடைய குரலை எங்கள் வகுப்பில் அறியாதவர்கள் இல்லை. குருநகரில் கடற்றொழில் செய்யும் வீட்டுப் பிள்ளை. ஒரு வள்ளத்திலிருந்து அடுத்த வள்ளத்துக்குக் கதைப்பது போலத்தான் ஆய்வுகூடத்திலும் கதைப்பாள். நான் தொண்டைமானாற்றுக் கடல்நீரேரிக்குக் கிட்ட வெங்காயத் தோட்டம் செய்யும் வீட்டுப் பிள்ளை. எனக்கு முன் எங்கள் வீட்டில் யாரும் பல்கலைக்கழகம் போனதில்லை. கேள்விக்கு விடை தெரிந்தாலும் கையை உயர்த்த மாட்டேன். இரசாயனச் செய்முறை வகுப்பில் எங்கள் இருவரையும் ஒரே மேசையில் விட்டார்கள்.

உப்புக் கரைசல்கள் எவ்வளவு மின்னைக் கடத்துகின்றன என்று அளப்பதே அன்றைய வேலை. முதலில் காய்ச்சி வடித்த நீரை அளக்க வேண்டும். அதில் உப்பு இல்லை என்பதால் மானி அநேகமாக ஒன்றும் காட்டக்கூடாது. எங்களுடையது ஏறிக்கொண்டே போனது. மானி பழுது என்றார்கள். டிலானி முகவையைக் குழாய்த் தண்ணீரில் கழுவியதை நான் கண்டிருந்தேன். இங்கே குழாயில் வருவதும் கிணற்றுத் தண்ணீர்தானே. ஒட்டியிருந்த துளிகளின் உப்பே போதும். அதை அவளுடைய காதுக்குள் சொன்னேன். அவளோ கூடம் முழுக்கக் கேட்க விரிவுரையாளரிடம் சொன்னாள்: “சேர், மெசினிலை பிழையில்லை, என்னிலைதான் பிழை. கண்டுபிடிச்சது இவள். மூளை இவளின்ரை, வாய் என்ரை.”

உப்புக் கட்டி ஏன் மின்னைக் கடத்துவதில்லை, கரைந்த உப்பு மட்டும் ஏன் கடத்துகிறது என்பதைப் பரீட்சைக்கு முதல்நாள் அவள் சொன்ன விதம் என் பாடக் குறிப்பில் இல்லை. “கட்டியா இருக்கேக்கை நேர் அயனும் மறை அயனும் ஒண்டையொண்டு இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்குதுகள். தண்ணி பூந்து பிடியை விடப்பண்ணும். பிறகு நேர் ஒரு பக்கம், மறை மற்றப் பக்கம் நடக்கும். அந்த நடைதானடி கரண்ட். நீ இன்னும் கட்டிதான், தர்சி.”

இந்த வருடக் கோடையில் எங்கள் வெங்காயத் தாள்கள் நுனி கருகத் தொடங்கின. அந்தத் தோட்டத்தை விட்டால் அப்பாவுக்கு வேறு பிழைப்பில்லை. நோய் என்றார், போட்ட பசளை சரியில்லை என்றார். தோட்டத்துக்கும் வீட்டுக்கும் ஒரே கிணறு. அதன் சுவை மாறியது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நல்ல தண்ணீர்க் கிணறு என்பது எங்கள் பக்கத்தில் கலியாணம் பேசும்போதும் எடுத்துச் சொல்லும் பெருமை. தன் கிணறு உவர்த்துவிட்டது என்று யாரும் வாயால் சொல்லமாட்டார்கள்.

நான் வெங்காயத்தைப் பற்றிச் சொல்லியிருந்ததால், ஒரு ஞாயிறு பூசை முடிந்து டிலானி வந்தாள். ஒரு மிடறு குடித்துவிட்டு, “அன்ரி, சீனி போட்டும் தேத்தண்ணி உவர்க்குது” என்றாள். அம்மா அப்பாவைப் பார்த்தார். அவள் பையிலிருந்து சின்ன எல்.ஈ.டி. லைற் ஒன்றையும் பற்றரியையும் இரண்டு கம்பிகளையும் எடுத்தாள். கம்பி நுனிகளைத் தான் கொண்டுவந்த காய்ச்சி வடித்த நீரில் வைத்தாள், லைற் எரியவில்லை. கிணற்று நீரில் வைத்தாள், எரிந்தது. அப்பா வெயில் படாமல் லைற்றைக் கையால் பொத்திக் குனிந்து பார்த்தார்.

“உப்புக் கூடக் கூட வெளிச்சம் கூடும், அங்கிள். நிலத்துக்குள்ளை மேலை மழைத் தண்ணி, அதுக்குக் கீழை உவர்த் தண்ணி. ஆழத்திலை குழாயை விட்டு நெடுக இறைச்சா உவர் மேலை ஏறும். குழாயை உயர்த்துங்கோ. விட்டுவிட்டு இறையுங்கோ. மாரி மழை வந்தா நல்ல தண்ணி திரும்பும்.”

“கடற்கரைப் பிள்ளை எனக்குத் தோட்டஞ் செய்யச் சொல்லித்தாறியோ?”

“தோட்டம் உங்களுக்குத்தான் தெரியும், அங்கிள். உப்பு எங்கடை சொந்தக்காரர்.”

அப்பா சிரித்துவிட்டார். அடுத்த நாள் குழாயை உயர்த்தினார். அப்படி இறைத்த தண்ணீர் பாதித் தோட்டத்துக்குத்தான் போதும். மற்றப் பாதி வெங்காயத்தைக் காயவிட்டார். அந்தப் பக்கம் போகாமல் சுற்றி நடந்தார்.

போகும்போது டிலானி லைற்றையும் பற்றரியையும் கம்பிகளையும் எங்களிடமே விட்டுவிட்டு, அன்றைய கிணற்று நீரை ஒரு போத்தலில் நிரப்பி இறுக மூடினாள். “இதைக் கொட்டிப்போடாதேங்கோ, அன்ரி. மாரிக்குப் பிறகு வாறன். புதுத் தண்ணியையும் இதையும் பக்கத்திலை வைச்சுப் பாப்பம். புதுசிலை வெளிச்சம் மங்கோணும். மங்காட்டி அங்கிள் என்னை ஏசட்டும்.”

மாரிக்கு முன் அவள் போய்விட்டாள். செத்தவீட்டில் அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீதானே அந்தக் கிணத்துப் பிள்ளை? உங்கடை பக்கம் மழையோ எண்டு ஆசுப்பத்திரியிலையும் கேட்டவள்” என்றார்.

பிறகு மழை வந்தது, நன்றாகவே பெய்தது. கிணறு மேலேறி வந்ததும் அப்பாவே கூப்பிட்டார். “அந்தப் பிள்ளையின்ரை லைற்றைக் கொண்டா.” முற்றத்தில் இரண்டு கிளாஸ்களை வைத்தோம். பழைய நீரில் லைற் பளிச்சென்று எரிந்தது. புதிய நீரில் அப்பாவின் உள்ளங்கைக்குள் சிறு பொட்டாய்த் தெரிந்தது.

“மங்கிப்போச்சு” என்றார். “சொன்ன மாதிரியே மங்கிப்போச்சு. அவளுக்கு…” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணை வேலிக்கு அப்பால் நின்று, “என்ன அப்பாவும் மகளும் தண்ணிக்குப் பூசை வைக்கிறியள்?” என்று கேட்டார். நான்தான் சொன்னேன். “எங்கடை கிணறு உவர்த்துப் போச்சு, அண்ணை. இப்ப திரும்புது. உங்கடையையும் பாப்பமோ?” என் குரல் வேலியைத் தாண்டி அவரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் தன் கிணற்றைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “ஓம் பிள்ளை, வா” என்றார்.

அப்பா பழைய நீரைச் சிந்தாமல் போத்தலில் திரும்ப ஊற்றி மூடித் தந்தார். அது என் மேசையில் இருக்கிறது. மூடிய போத்தலில் இருந்து உப்பு எங்கும் போகாது. சில நாட்களில் திறந்து கம்பிகளை வைத்துப் பார்க்கிறேன். அவள் எங்கள் முற்றத்தில் நின்ற அன்று எரிந்த அதே வெளிச்சம் எரிகிறது. கிணற்றில் மங்கட்டும், அதைத்தான் அவள் கேட்டாள். இது ஒன்று மங்காமல் என்னிடம் இருக்கட்டும்.